தெக்கதுப் பாட்டா எந்தப் பக்கம் நின்றார்?

எங்கள் வீட்டுக் கிணற்றடியைத் தாண்டித் தெற்கே போனால் ஒரு சின்ன ஓட்டுக்கூரை இருக்கிறது. குனிந்துதான் உள்ளே போகவேண்டும். ஒரு கல்பீடம், ஒரு தூக்குவிளக்கு, சிவப்புப் பட்டில் சுற்றிய ஒரு முழ நீளத் துரு. அந்தத் துரு ஒரு காலத்தில் வாளாக இருந்தது. இந்த இடத்துக்குத் தெக்கது என்று பெயர். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கும் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: குடும்பத்தில் செத்தவர்களில் அடங்காமல் போனவர்களைத் தெற்கே குடிவைத்து விளக்கு கொளுத்தும் இடம். படுக்கையில் கிடந்து வயசாகிச் செத்தவர்களுக்கு அங்கே இடமில்லை. ஆயுதத்தால் செத்தவர்கள், அல்லது ஆயுதத்தோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் பீடம்.

எங்கள் தெக்கதில் இருப்பவரைப் படைக்காரப் பாட்டா என்போம். பெயர் கிடையாது. ஏழெட்டுத் தலைமுறைக்கு முன்னால் திருவிதாங்கூர் பட்டத்துக்காக நடந்த உள்நாட்டுச் சண்டையில் வாள் பிடித்தவர். அவரை வைத்து ஒரு நாவல் எழுதவேண்டும் என்று நான்கு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பதிவு அந்த நாவலைப் பற்றியது. இன்னும் முடியவில்லை, ஆகவே புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள்.

நாங்கள் இருப்பது பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், கேரளப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கடையில் எது முந்துகிறதோ அது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என நாலு தாலுகாவும் தமிழ்நாட்டுக்குப் போனபோது நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கமே நின்றுவிட்டது. நாங்களும் நின்றுவிட்டோம். ஆனால் பூர்வீகம் கிழக்கே, நாஞ்சில்நாட்டில், பூதப்பாண்டிப் பக்கம். என் பூட்டனார் நெல் வியாபாரத்துக்காக மேற்கே வந்தவர். வரும்போது பழைய தெக்கதிலிருந்து பிடிமண் எடுத்து, அந்தத் துருவையும் பட்டில் சுற்றி, காளைவண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். நெல்மூட்டைக்குக் கீழே வைக்கலாமே என்று வண்டிக்காரன் சொன்னதற்கு, "அவிய மூட்டைக்கடியில கெடக்கக்கூடிய ஆளில்லே" என்றாராம்.

என் பாட்டா சொன்ன கதை நேரானது. "நம்ம படைக்காரப் பாட்டா பொன்னு தம்புரானுக்க ஆளாக்கும். மார்த்தாண்டவர்மா மகாராஜா காட்டிலயும் மேட்டிலயும் ஒளிஞ்சு திரிஞ்ச காலத்துல கூடவே நின்ன ஆளு." அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நான்காம் வகுப்பில் எங்களை நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே அம்மச்சிப்பிலாவு இருக்கிறது. எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்டவர்மா ஒளிந்துகொண்டதாகச் சொல்லும் பொந்துள்ள பலாமரம். பட்டுப்போன அடிமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மலையாளம் சார் கதையைச் சொல்லி முடித்ததும் நான் எழுந்து, "எங்க பாட்டா அப்போ வெளியில காவல் நின்னாரு" என்று மலையாளத்தில் சொன்னேன். வகுப்பே சிரித்தது. சார் மட்டும் சிரிக்காமல், "நின்றிருக்கலாம், யாராவது நின்றிருக்கத்தானே வேண்டும்" என்றார். நான் கதை எழுத வந்ததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

சண்டை என்ன என்று சொல்லிவிடுகிறேன். 1729-இல், கொல்லம் ஆண்டு 904-இல், பிறகு திருவிதாங்கூர் ஆன வேணாட்டின் அரசர் ராமவர்மா இறந்தார். அவருக்கு இரண்டு மகன்கள்: பப்புத் தம்பி, ராமன் தம்பி. ஊர்வாயில் வலிய தம்பி, குஞ்சுத் தம்பி. ஆனால் அங்கே மருமக்கள் வழி. பட்டம் சகோதரியின் மகனுக்குத்தான் போகும். அப்படி வந்த மருமகன்தான் மார்த்தாண்டவர்மா. அப்போது வயது இருபதுகளின் தொடக்கம். மகன்கள் விடவில்லை. எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பெரும் நிலக்காரர்களும், மருமகன் தங்கள் கையை ஒடுக்கிவிடுவான் என்று பயந்த மாடம்பிகள் என்ற உள்ளூர்ப் பிரபுக்களும் தம்பிமார் பக்கம் சாய்ந்தார்கள். பயம் நியாயமானதுதான், பிறகு அவர் அப்படியே ஒடுக்கினார். வலிய தம்பி திருச்சிராப்பள்ளி வரை போய் உதவி கேட்டார். அங்கிருந்து படையோடு வந்த அழகப்ப முதலியார் விசாரித்துப் பார்த்து, மருமக்கள் வழி நாட்டில் மகனுக்குப் பட்டமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். போகும்போது கை வெறுமையாகப் போகவில்லை என்பார்கள். கடைசியில் தம்பிமார் இருவரும் நாகர்கோவில் கொட்டாரத்தில், அதாவது அரண்மனையில், கொல்லப்பட்டார்கள். எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தூக்கு; அவர்கள் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரை மீனவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஜெயித்தவர் 1758 வரை ஆண்டார். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். 1750-இல் நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அவருடைய தாசனாக இருந்து ஆண்டார். பாடப்புத்தகத்தில் குளச்சலும் பத்மநாபசாமியும் பக்கம் பக்கமாக வரும். அதற்கு முன்னால் நடந்ததற்கு ஒரு பத்தி.

இணையத்தில் சிலர் இதைத் தமிழன் மலையாளி சண்டையாக எழுதுகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. அரசரின் முதல் தளவாய் ஆறுமுகம் பிள்ளை. அவருக்குப் பின் வந்து பேர் வாங்கிய இராமய்யன் தளவாய் திருநெல்வேலிச் சீமை ஏர்வாடிக்காரர். பிறகு வடக்கே நடந்த சண்டைகளுக்குப் பொன்னன் பாண்டியத் தேவனின் மறவர் படையை வரவழைத்தவரும் இதே அரசர்தான். தம்பிமாருக்கு இன்றைக்கும் பாட்டுப் பாடி அழுகிறவர்கள் நாஞ்சில்நாட்டுத் தமிழர்கள். தம்பிமாரை ஆதரித்த பிள்ளைமார் திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்திலும் செம்பழந்தியிலும் இருந்தவர்கள். எல்லாப் பக்கமும் எல்லா மொழியும் இருந்தது. அப்போது யாரும் மொழியைப் பார்த்து வெட்டவில்லை. மருமகனா மகனா என்று பார்த்துத்தான் வெட்டினார்கள்.

இந்த மருமகன் மகன் விவகாரம் எங்களுக்குப் புத்தகச் சங்கதி இல்லை. எங்கள் நாஞ்சில்நாட்டு வெள்ளாளருக்கு 1926 வரைக்கும் மருமக்கள் வழிதான். அந்த வருடம் சட்டம் வந்த பிறகுதான் அப்பன் சொத்து மகனுக்கு என்று ஆயிற்று. அதற்கு முன் அப்பன் சேர்த்ததில் மகனுக்கு ஏதோ கொஞ்சம் உண்டு, அதற்கு உகந்துடைமை என்று பெயர். பெயரைப் பாருங்கள்: உகந்து கொடுத்தது. உரிமை என்று யாரும் சொல்லவில்லை. என் பூட்டனாரே தன் அம்மாவனுக்கு, அதாவது தாய்மாமனுக்கு, மருமகனாக வந்துதான் எல்லாம் பெற்றார்: வயல், வீடு, தெக்கது, துரு. சட்டம் வந்ததும் அவருடைய மகன், அதாவது என் பாட்டா, மகன் என்ற முறையில் பெற்றார். பூட்டனாரின் மருமக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பதினோரு வருடம் வழக்கு. நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்தில் அந்தக் கிளைக்காரர் ஒருவரைச் சந்தித்தபோது, நான் யார் என்று தெரிந்ததும் அவர் பந்தியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். நாகர்கோவில் கொட்டாரத்தில் நடந்த சண்டையின் கடைசிச் சண்டை அந்தப் பந்தியில்தான் நடந்தது என்று தோன்றியது. சாம்பார் வந்துவிட்டதால் மேலே யோசிக்கவில்லை.

நாவலின் முதல் வரைவு மோசமாக இருந்தது. அம்மச்சிப்பிலாவில் தொடங்கினேன். பொந்துக்குள் இளவரசர், வெளியே பாட்டா, தூரத்தில் தீவட்டி. எல்லாச் சரித்திர நாவலிலும் வரும் தீவட்டி. மலையாளத்தின் முதல் சரித்திர நாவலே இந்தச் சண்டையைப் பற்றியதுதான், 1891-இல் வந்தது. நூற்றுச் சொச்சம் வருடம் கழித்து அதே தீவட்டியை நானும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு அத்தியாயம் எழுதி, தக்கலையில் இருக்கும் ஒரு நண்பருக்குப் படிக்கக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஓலை வாசிக்கத் தெரிந்தவர். ஒரு வாரம் கழித்து அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்க பாட்டாவுக்கு மரச்சீனிக் கிழங்கு எங்கேர்ந்து கெடச்சுது?"

மூன்றாம் அத்தியாயத்தில் பாட்டா ஒரு குடிசையில் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) காந்தாரி மிளகுச் சம்மந்தியும் தின்பார். எனக்கே நாக்கு ஊறிய இடம். ஆனால் மரச்சீனி இங்கே ஏழைகளின் சாப்பாடாக ஆனது விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில், 1880-க்குப் பிறகு. நூற்றைம்பது வருடம் முன்னதாகவே பாட்டாவுக்குப் பரிமாறிவிட்டேன். அடுத்து, பாட்டாவுக்கு நான் தைத்துப் போட்டிருந்த சிவப்புச் சட்டை. வரிசையில் நின்று, ஒரே சத்தத்தில் சுட்டு, கால் மாற்றி நடக்கும் படை டிலனாய் வந்த பிறகு உண்டானது. குளச்சலில் பிடிபட்ட அந்த டச்சுப் படைத்தலைவர், பிடித்தவருக்கே படை பயிற்றுவித்து, 1777-இல் உதயகிரிக் கோட்டையில் அடங்கினார். கல்லறையில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். 1730-இல் சட்டை ஏது? களரியில் எண்ணெய் தேய்த்துப் பயின்றவன், இடுப்பில் கச்சை, கையில் வாளும் பரிசை என்ற கேடயமும், கூட்டத்தில் சிலரிடம் திரி வைத்துச் சுடும் துப்பாக்கி. மாடம்பி கூப்பிட்டால் வருவான், அறுப்பு வந்தால் போவான். இன்னொன்றும் நண்பர் சொன்னார்: பத்மநாபபுரம் கொட்டாரம் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தேன். அந்தப் பெயரே ஜெயித்தவர் பிறகு வைத்தது. சண்டை நடந்த நாளில் அது கல்குளம்.

"பேர் வச்சவன் ஜெயிச்சவன். நீங்க ஜெயிச்சவன் பேரை வச்சு சண்டையத் தொடங்கிட்டீங்க," என்றார் நண்பர். அவர் எப்போதும் இப்படித்தான், திருத்தினால் தோலை உரித்துவிடுவார்.

பிறகு ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். கொல்லம் ஆண்டைக் கிறிஸ்து ஆண்டாக மாற்ற 825 கூட்டவேண்டும், ஆவணியிலிருந்து மார்கழிப் பாதி வரை 824 என்று விரல்விட்டுப் பழகினேன். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் அச்சில் வந்திருப்பதால் அவற்றோடு மாதக்கணக்கில் உட்கார்ந்தேன். அரசர்கள் அதில் அதிகம் இல்லை. நிலம், நெல், வரி, ஆள் விற்ற கணக்கு. ஆமாம், மனிதரை விற்ற ஓலைகளும் இருக்கின்றன, வயலை விற்றது போலவே எழுதியிருக்கிறார்கள். அன்றைய நாணயமான கலியுகராமன் பணம் இத்தனை என்று விலை. அதோடு, நாஞ்சில்நாட்டின் 12 பிடாகைக்காரர்களும் (பிடாகை என்றால் ஊர்த்தொகுதி) கூடி, இனி இந்த வரியைக் கொடுக்கமாட்டோம் என்று தீர்மானித்த செய்திகள் அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே உண்டு. காரணம் எளிது. அறுப்புக் காலம் பார்த்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வடக்கிலிருந்து படை வரும், நெல்லைக் கொண்டுபோகும். அது போனதும் அரசரின் ஆள் வந்து வரி கேட்பான். கொள்ளை போன நெல்லுக்கும் வரி. அந்த ஓலைகளைப் படித்தபிறகு, பாட்டா எந்த மன்னருக்காக வாள் எடுத்தார் என்ற கேள்வியே கொஞ்சம் கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. தன் களத்து நெல்லைக் காப்பாற்ற எடுத்திருக்கலாம். யார் படியளந்தாரோ அவர் பக்கம் நின்றிருக்கலாம்.

ஆனால் கொடை இருக்கிறதே. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வருடம் ஒருமுறை, மாசியில், தெக்கதுக்குக் கொடை கொடுப்போம். அவல், பொரி, கருப்பட்டி, இளநீர், வெற்றிலை. பட்டுக்குப் பின்னால் ஒரு குப்பிச் சாராயம். வீட்டுப் பெண்களுக்குத் தெரியாமல் வைப்பதாக ஆண்கள் நினைத்துக்கொள்வார்கள், குப்பியைக் கழுவித் தருவதே அம்மாதான். இரவு வில்லுப்பாட்டு. வேறு வீடுகளில் சுடலைமாடன், இசக்கியம்மன் என்று எதையும் பாடச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஒரே கதைதான்: தம்பிமார் கதை. அதில் தம்பிமார் நல்லவர்கள், அழகர்கள், வஞ்சகத்தால் செத்தவர்கள். பெண்கள் அழுவார்கள். அவர்களைக் கொன்றவர் அரசர்.

சிறுவயதில் இது உறைக்கவில்லை. நாவல் எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. பாட்டா அரசரின் ஆள் என்றால், அவர் தெக்கதில் அவருடைய எதிரியின் கதையை ஏன் படிக்கவேண்டும்?

இரண்டாம் வரைவில் பாட்டாவைப் பக்கம் மாற்றினேன். அவர் தம்பிமாரின் ஆள். தோற்ற பக்கம். சண்டைக்குப் பிறகு சொத்துப் பறிபோய்விடும் என்று பயந்து, குடும்பம் கதையைத் திருப்பிச் சொல்லிவிட்டது. வாய் பொய் சொல்லிற்று, கொடை உண்மையைச் சொல்லிவிட்டது. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! எழுத எழுத நாவலும் ஓடியது. தோற்ற பக்கத்தில் ஆள் வைத்து எழுதுவது சுகம், வாசகனின் அனுதாபம் இனாமாக வந்து விழும்.

அந்த உற்சாகத்தில் பூதப்பாண்டிக்கு அத்தையைப் பார்க்கப் போனேன். அப்பாவின் மூத்த அக்கா. எண்பத்து நான்கு வயது, கண் மங்கல், காது பாம்பு. முறத்தில் உளுந்து நேம்பிக்கொண்டிருந்தார். என் கண்டுபிடிப்பை விளக்கினேன்.

"அத்தே, ராஜாவுக்க ஆளுன்னா நம்ம கொடையில எதுக்குத் தம்பிமாருக்க கதை?"

அத்தை முறத்தை நிறுத்தவில்லை. "கொன்னவன் கும்பிடாம வேற எவன் மக்ளே கும்பிடுவான்?"

எனக்குப் புரியவில்லை.

"செத்தவனுக்க பிள்ளைக்கு அழுகதுக்கு நேரம் சரியாப்போவும். ராத்திரி சத்தம் கேக்கது, கோழி சாகது, பிள்ளைக்குப் பேதி வாறது எல்லாம் கொன்னவனுக்க வீட்டுலல்லா? அவனாக்கும் பூசாரியக் கூப்பிட்டு, இடம் குடுத்து, கதை படிச்சு ஆத்தணும். நீ படிச்சவன், ஒனக்கு இது தெரியாதா?"

தெரியும். தெரிந்திருக்கவேண்டும். எங்கள் பக்கம் பாதித் தெய்வங்கள் கொலையுண்டவர்கள்; அவர்களுக்குக் கோவில் கட்டியவர்களில் கொன்ற வீட்டாரும் உண்டு. பயத்துக்கும் ஒரு பீடம், ஒரு விளக்கு.

"அப்போ நம்ம பாட்டா தம்பிமாரைக் கொன்னாரா?"

"நான் அப்படிச் சொன்னனா? பயத்துல கும்பிடுகதும் உண்டு, பாசத்துல கும்பிடுகதும் உண்டு. வௌக்குக்கு அதெல்லாம் தெரியுமா?" முறத்தைத் தட்டினார். உளுந்து ஒரு பக்கம், தூசி ஒரு பக்கம். "பின்னே ஒண்ணு. அவிய நமக்குப் பாட்டா இல்லே, கேட்டியா. அம்மாவன்."

இது இரண்டாவது அடி. நான் யோசித்தே பார்த்திருக்கவில்லை. தெக்கது என் பூட்டனாருக்கு மருமகனாக வந்தது. அவருக்கு முன்னால் இருந்தவருக்கும் அப்படித்தான், அதற்கு முன்னாலும் அப்படித்தான். அப்படியே பின்னால் போனால், படைக்காரர் எங்களுக்கு அப்பன்வழிப் பாட்டன் கிடையாது. எங்கள் வழியில் வந்த ஒரு பாட்டியின் உடன்பிறந்தவர். பாட்டா என்று கூப்பிடுவது 1926-க்குப் பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

அவருக்குப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்கள் எங்கே? அவர்களுக்கு வாளும் இல்லை, வயலும் இல்லை, கதையும் இல்லை. உகந்து ஏதாவது கொடுத்திருந்தால் அதோடு போயிருப்பார்கள். கதை எங்களிடம் இருக்கிறது, ஏனென்றால் நாங்கள் மருமக்கள். மருமக்கள் சொல்லும் கதையில், அவர் யாருக்காகச் சண்டை போட்டிருப்பார்? மருமகனுக்காகத்தான். மகன்களின் பேரப்பிள்ளைகள் எங்காவது இருந்து, அவர்களிடமும் ஒரு துரு இருந்தால், அவர்கள் கதையில் அவர் தம்பிமாரின் ஆளாக இருப்பார். மகனுக்காக உயிரைக் கொடுத்தவராக இருப்பார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இரண்டாம் வரைவும் என் மனதில் செத்துவிட்டது. தக்கலை தாண்டும்போது மூன்றாவது பிறந்தது. அதில் படைக்காரனுக்கு இரண்டு பையன்கள்: தன் மகன் ஒருவன், தங்கை மகன் ஒருவன். இரண்டு பேருக்கும் அவனே களரி சொல்லிக்கொடுத்தான். ஒரே எண்ணெய், ஒரே அடவு. மருமகன் கொட்டாரத்துக் காவலில் அவனோடு இருக்கிறான். மகன் வலிய தம்பியின் ஆட்களோடு போய்விட்டான், ஏனென்றால் மகன்கள் எல்லாரும் அந்தப் பக்கம்தான் போனார்கள். படைக்காரனுக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

மூன்றாம் வரைவிலிருந்து ஒரு பகுதி:

"ஆடிக்காற்று நாகர்கோவிலிலிருந்து கணவாய் வரைக்கும் தென்னைகளை ஒரே பக்கமாகச் சீவிவிட்டிருந்தது. கொட்டாரத்து முற்றத்தில் விளக்கு நிற்கவில்லை. மூன்று முறை ஏற்றி, நான்காம் முறை விட்டுவிட்டார்கள்.

அவன் நடைவாசலில் நின்றான். ஆயுதத்தோடு யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது கட்டளை. கட்டளை கொடுத்தவன் அவன் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான். பார்க்காமல் கொடுக்கும் கட்டளை எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியும், ஆடு அறுக்கச் சொல்லும் வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்வார்.

வலிய தம்பி வந்தார். அப்பன் இருந்தபோது ஓடி விளையாடிய முற்றம். இதில் வாளைக் கழற்றி வைத்துவிட்டு நுழைவதா? 'எனக்கா?' என்று கேட்டார். ஒரே சொல். அந்தச் சொல்லில் கோபம் இல்லை, வீட்டுப்பிள்ளையின் ஆச்சரியம்தான் இருந்தது. அவனுக்குத் தன் மகனின் குரல் நினைவு வந்தது. வயலுக்குள் போகாதே, அது உனக்கில்லை என்று சொன்ன அன்று அவனும் இப்படித்தான் கேட்டான்.

முதலில் யார் உருவியது என்று பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவன் கண்டது ஒரு கை, அதற்குப் பின் தரை. தரையில் கிடந்தவர் கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

வெளியிலிருந்து குஞ்சுத் தம்பி ஓடிவந்தார். அவனைத் தாண்டித்தான் போனார். அவன் கையில் வாள் இருந்தது, தடுக்கக் கட்டளையும் இருந்தது. கால் எழவில்லை. மருமகன் பின்னாலிருந்து 'அம்மாவா!' என்று கத்தினான். உள்ளே ஓங்கிய வாள் விழுந்த சத்தம் கேட்டது. பல வருடம் வெட்டியவனுக்குச் சத்தம் போதும். அது எலும்பில் விழுந்த சத்தம் அல்ல, மரத்தில் விழுந்த சத்தம். தாழ்ந்த மச்சு. வாள் உத்தரத்தில் பாய்ந்து நின்றுவிட்டது. அடுத்த சத்தம் சின்னது, கத்தி போன்றது.

இருவரையும் வெளியே கொண்டுவந்தபோது காற்று நின்றிருந்தது. அவன் வாளைத் துடைக்கவில்லை. துடைக்க அதில் ஒன்றும் இல்லை. கிழக்கே வெளுக்கும் முன் யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டான். அறுப்பு நெருங்கிவிட்டது, களத்தைச் செதுக்கவேண்டும்."

குஞ்சுத் தம்பியின் வாள் உத்தரத்தில் பாய்ந்தது, அரசர் கையாலேயே அவர் செத்தது, இவை வழிவழியாகச் சொல்லப்படுகிற செய்தி. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. அவன் கொன்றானா, காப்பாற்றாமல் நின்றானா என்பதை நான் இப்படி முடித்துக்கொண்டேன்: இரண்டும் இல்லை, கால் எழவில்லை. எங்கள் வீட்டு விளக்குக்குப் பயமும் பாசமும் இரண்டும் பொருந்துகிற மாதிரி ஒரு இடம் வேண்டியிருந்தது. நண்பருக்கு இது பிடிக்கவில்லை. "ஆளைத் தப்பவிட்டுட்டீங்க. ஒண்ணுகில் வெட்டணும், இல்லேன்னா வெட்டு வாங்கணும். வாசல்ல நின்னவனுக்கு யாரு தெக்கது கட்டுவா?" என்றார். எனக்குப் பதில் இருக்கிறது, ஆனால் அவருக்குச் சொல்லவில்லை. வாசலில் நின்றவனுக்குத்தான் பெயர் இல்லாமல் போகும்.

இந்த வருட மாசிக் கொடைக்கு அத்தை பாறசாலை வந்திருந்தார். அப்பா போனபிறகு நான்தான் முன்னால் நிற்கவேண்டும். புலவர் வீசுகோலைப் போட்டார், குடம் முழங்கியது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: கொட்டாரத்துக் காட்சி வரும்போது பட்டைப் பிரித்து, துருவை எடுத்து, உருளியில் இருக்கும் மஞ்சள் தண்ணீரில் முக்கவேண்டும். எதற்கென்று யாரும் சொன்னதில்லை. முக்கினேன். மஞ்சள் தண்ணீர் கொஞ்சம் சிவந்தது. துரு இரும்பென்றால் சிவக்கத்தான் செய்யும். துடைத்துப் பட்டில் சுற்றி வைத்தேன்.

விடியற்காலை, படையல் படுக்கையைப் பிரித்து எல்லாருக்கும் அவலும் கருப்பட்டியும் கொடுத்தபிறகு, அத்தைக்கு அந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். உத்தரத்தில் வாள் பாய்ந்த இடத்தில் "ம்" என்றார். முடிந்ததும் சற்று நேரம் பேசவில்லை. அழுகிறாரோ என்று நினைத்தேன்.

"ஆடிக் காத்துன்னு போட்டிருக்க."

"ஆமா அத்தே."

"ஆடில ஏது மக்ளே அறுப்பு? கன்னிப்பூ அப்பம் இடுப்புக்கு நிக்கும், பால்கூட புடிச்சிருக்காது. பொரட்டாசில்லா அறுப்பு. கும்பப்பூன்னா மாசிக்குப் போவும். களத்தைச் செதுக்கப் போனான்னு எழுதியிருக்க. அவன் என்னத்துக்குச் செதுக்கணும்?"

பெயரிலேயே இருக்கிறது: மலையாளக் கணக்கில் கன்னி மாதத்தில் அறுப்பது கன்னிப்பூ, கும்ப மாதத்தில் அறுப்பது கும்பப்பூ. பிடாகைக் கணக்கு, கொல்லம் ஆண்டு, கலியுகராமன் பணம் எல்லாம் சரிபார்த்தவனுக்கு இது தவறிப்போயிற்று.

"அப்போ அவன் எதுக்கு ஊருக்குப் போவான் அத்தே?"

அத்தை வெற்றிலையை மடித்தார். "தண்ணி பாக்கப் போயிருப்பான். ஆடில ராத்திரி தண்ணி பாக்க ஆள் இல்லேன்னா மேல வயல்காரன் மடையத் திருப்பிருவான்லா."